அலசலில் கஞ்சன்: கார்த் துண்டுகளை வீட்டு வாஷிங் மெஷினில் துவைக்கலாமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைத் துடைக்கும் மைக்ரோஃபைபர் துண்டுகளை வீட்டு வாஷிங் மெஷினில் தாராளமாகப் போடலாம். கையால் கசக்குவதைவிட அழுக்கு நன்றாகவே போகிறது. பாலிஷும் மெழுகும் தடவுகிற அப்ளிகேட்டர்களில் பாதியை மட்டும் அதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது. மதிப்பெண் போடச் சொன்னால் துவைப்புக்கு 10-க்கு 8, அலசலுக்கு 5, நுரைப்பஞ்சு அப்ளிகேட்டர்களுக்கு 2. அந்த 5-ஐ 8 ஆக்குவது நம் கையில்தான் இருக்கிறது.

நான் எடைபோடுவது எங்கள் வீட்டில் அன்றாடத் துணிகளைத் துவைக்கும் 7 கிலோ ஃப்ரண்ட் லோடு இயந்திரத்தை. எந்த நிறுவனத்துடையது என்பது முக்கியமில்லை. இந்த வகை இயந்திரங்கள் எல்லாமே குறைந்த தண்ணீரில் துணியைத் தூக்கிப் போட்டுப் புரட்டித்தான் துவைக்கின்றன. நான் துணிச் சாய ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காரைப் பளபளப்பாக வைப்பது அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்ட பைத்தியம். மற்றவர்கள் பெயின்டின் மினுக்கத்தைப் பார்ப்பார்கள். என் கண் துண்டின் மீது போகும். பழைய தொழிலின் கோளாறு.

மைக்ரோஃபைபர் என்றால் பெரும்பாலும் பாலியெஸ்டரும் பாலியமைடும் (நைலான் வகை) கலந்த இழை. 80க்கு 20 அல்லது 70க்கு 30 என்று சீட்டில் போட்டிருப்பது அந்த விகிதம்தான். இழையின் தடிமன் 1 டெனியருக்கும் குறைவு. அதாவது 9,000 மீட்டர் நீள இழையை நிறுத்தால் 1 கிராம்கூடத் தேறாது. நல்ல துண்டுகளில் அந்த இழையையும் நீளவாக்கில் பல கீற்றுகளாகப் பிளந்திருப்பார்கள். தூசியைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்வதும் தண்ணீரை இழுப்பதும் இந்தக் கீற்றுகளின் இடுக்குகள்தான். ஆகவே துண்டைத் துவைப்பது என்றால் இடுக்குகளைக் காலி செய்வது. இடுக்கில் மண் இருந்தாலும் கெடுதி, மெழுகு இருந்தாலும் கெடுதி, சோப்பு மிஞ்சினாலும் கெடுதி. முதல் இரண்டையும் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். மூன்றாவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பாலியெஸ்டருக்கு ஒரு குணம் உண்டு. அதற்குத் தண்ணீரைவிட எண்ணெய்மேல்தான் பாசம். மெழுகும் சிலிகோனும் அதில் ஒட்டிக்கொண்டு எளிதில் விட மாட்டேன் என்று அடம் பிடிப்பது இதனால்தான். சாதாரணச் சட்டையின் வியர்வை அழுக்கை எடுக்கும் 15 நிமிடத் துரிதத் திட்டம் இதற்குப் போதாது. எங்கள் இயந்திரத்தில் சின்தெடிக்ஸ் திட்டம், 40 டிகிரி, ஸ்பின் (பிழியும் சுழற்சி) நிமிடத்துக்கு 800 சுற்று. இதுதான் எனக்கு ஒத்துவந்த கூட்டணி. துண்டின் சீட்டு 60 டிகிரியை அனுமதித்தால், மெழுகு ஊறிய துண்டுகளை 60-இல் போடுகிறேன்.

"வெந்நீரில் போட்டால் இழை உருகிவிடும்" என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆலையில் பாலியெஸ்டரை அழுத்தக் கலனில் 130 டிகிரியில் வைத்துச் சாயம் ஏற்றியவன் நான். பாலியெஸ்டர் உருகுவது 250 டிகிரிக்கு மேல். நைலான் 6 வகைப் பாலியமைடு 220 டிகிரி வாக்கில். வீட்டு இயந்திரத்தின் 60 டிகிரிக்கு எந்த இழையும் உருகாது. மறுபக்கம், "சூடாகத் துவைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும்" என்பதும் அரைகுறை உண்மை. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரிக்குள் உருகும். கார் மெழுகுகளில் பேர்போன கார்னௌபா உருக 82 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் துண்டை யாரும் துவைப்பதில்லை. மெழுகை இளக்கிப் பிரித்தெடுப்பது சலவைத் திரவம். சூடு அதற்குத் துணை நிற்கிறது, அவ்வளவுதான்.

சலவைத் தூள் வேண்டாம் என்பதில் எனக்குச் சமரசம் இல்லை. பல தூள்களில் ஜியோலைட் என்ற கனிமம் சேர்க்கிறார்கள். தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் நல்ல சரக்குதான். ஆனால் அது தண்ணீரில் கரையாது. சட்டையில் மிஞ்சினால் ஒன்றும் ஆகாது. பெயின்டின் மேல் தேய்க்கப்போகிற துண்டின் இடுக்கில் கரையாத துகளை நானே கொண்டுபோய் வைப்பானேன்? திரவ டிடர்ஜென்ட், அதிலும் வாசனை குறைவானது, நுரை குறைவானது. மூடியில் குறித்திருக்கும் அளவில் பாதி. குளோரின் பிளீச்சைப் பற்றிப் பேச்சே வேண்டாம். பாலியமைடை அது தின்றுவிடும்.

மைக்ரோஃபைபருக்கென்றே தனியாக விற்கும் திரவத்தையும் வாங்கிப் பார்த்தேன். அதன் பெருமை பெரும்பாலும் அதில் இல்லாதவற்றில் இருக்கிறது: சாஃப்ட்னர் இல்லை, பிளீச் இல்லை, கனமான வாசனை இல்லை. கண்ணாடி துடைக்கும் துண்டுக்கும் உள்அலங்காரம் துடைக்கும் துண்டுக்கும் சாதாரணத் திரவத்தோடு ஒப்பிட்டால் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. மெழுகும் டயர் பூச்சும் ஏறிய துண்டில் தெரிந்தது. கைக்குப் பிசுபிசுப்பு குறைவு. எனவே ஒரு சிறு புட்டி வாங்கி அந்த வகைத் துண்டுகளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அதையே ஊற்றுவது காசைக் கரைப்பது. சாதாரணத் திரவத்தில் இருக்கிற என்சைம்களை நம்பியும் பயனில்லை. கொழுப்பை அறுக்கும் லைபேஸ் சமையல் எண்ணெய்க் கறையில் வேலை செய்யும். பாரஃபின் மெழுகையும் சிலிகோனையும் தொடாது.

இனி அலசல். இயந்திரத்தின்மேல் எனக்குள்ள குறை முழுவதும் இங்கேதான்.

ஃப்ரண்ட் லோடு இயந்திரங்கள் தண்ணீரைச் சேமிக்கப் பிறந்தவை. அதில் குற்றமில்லை. சட்டைக்கும் படுக்கை விரிப்புக்கும் அந்தத் தண்ணீர் போதும். அடர்த்தியான துண்டு வேறு விதம். ஒரு சதுர மீட்டருக்கு 500 கிராமுக்கு மேல் எடையுள்ள துண்டு, டிரம்முக்குள் வந்த தண்ணீரைத் தானே குடித்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. துண்டுகள் நீந்துவதற்குத் தண்ணீர் மிஞ்சுவதில்லை. சோப்புக் கரைசல் துண்டுக்குள் நீர்த்துப்போகிறதே தவிர வெளியேறுவதில்லை. ஆலையில் துவைத்த துணியை அடுத்தடுத்த தொட்டிகளில் புதிய தண்ணீரில் ஓட்டுவோம். தண்ணீரைத் தொட்டுப் பார்த்து வழவழப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த கட்டத்துக்கு அனுப்பியதில்லை. வீட்டு இயந்திரம் நேரத்தைப் பார்த்து நிறுத்துகிறது, தண்ணீரைப் பார்ப்பதில்லை.

சோதிப்பது எளிது. இயந்திரம் "முடிந்தது" என்று கூவிய பிறகு ஒரு துண்டை எடுத்து வாளியில் சுத்தமான தண்ணீரில் போட்டு நன்றாகக் கசக்குங்கள். நுரை வந்தால் அலசல் போதவில்லை. எங்கள் இயந்திரம் வழக்கமான திட்டத்தில் டிரம் நிறையத் துண்டுகளோடு இந்தச் சோதனையில் தவறாமல் தோற்கிறது. பாதி டிரம், பாதி டிடர்ஜென்ட், கூடுதல் அலசல் பொத்தான்: மூன்றும் சேர்ந்தால் தேறிவிடுகிறது. இவற்றில் ஒன்றை மட்டும் செய்யச் சொன்னால் டிடர்ஜென்டைக் குறைப்பேன். போடாத சோப்பை அலச வேண்டியதில்லை. கடைசியாக டிடர்ஜென்டே இல்லாமல் தனி அலசல் ஒன்று ஓட்டுவது மெழுகுத் துண்டுகளுக்கு மட்டும்.

துண்டு விறைப்பாக இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் உடனே சூட்டைக் குறை சொல்கிறார்கள். முதலில் மிச்சச் சோப்பையும் கடினத் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவையும் சந்தேகியுங்கள். சுண்ணாம்பு என்றால் வாளித் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்துச் சற்று ஊறவைத்து அலசினால் இளகிவிடுகிறது. வினிகரையும் பலர் ஊற்றுகிறார்கள். இயந்திரத்தின் ரப்பர் பாகங்கள்மீது எனக்கு இரக்கம் உண்டு, அதனால் அமில வேலையை வாளியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஃபேப்ரிக் சாஃப்ட்னர் துண்டுக்கு ஆகாது என்பது பலருக்குத் தெரியும். ஏன் ஆகாது என்பதையும் சொல்கிறேன். அதன் மூலக்கூறுக்கு நேர்மின்னூட்டம். தண்ணீரில் நனைந்த இழையின் மேற்பரப்புக்கு எதிர்மின்னூட்டம். பார்த்ததும் ஒட்டிக்கொள்ளும், அலசினாலும் போகாது. மென்மைக்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஒட்டிய படலத்தின் வெளிப்புறம் கொழுப்பு வால்கள். பிறகு துண்டு குடைத்துணிபோல் ஆகிவிடுகிறது. ஈரக் கண்ணாடியில் போட்டு இழுத்தால் தண்ணீரைக் குடிக்காமல் முன்னே தள்ளிக்கொண்டு போகும்.

பலருக்குத் தெரியாதது, துண்டுகளுக்கு நாம் சாஃப்ட்னர் ஊற்றாவிட்டாலும் அது வந்து சேரும் வழி. டிடர்ஜென்ட் இழுப்பறையில் சாஃப்ட்னர் அறை தனியாக இருக்கிறது. கடைசி அலசலின்போது அந்த அறைக்குள் தண்ணீர் நிரம்பி, சைஃபன் முறையில் உறிஞ்சப்பட்டு டிரம்முக்கு இறங்கும். முந்தைய சலவையின் கொழகொழப்பு அடியில் தேங்கியிருந்தால் அதுவும் சேர்ந்து இறங்கும், அதுவும் சரியாகக் கடைசி அலசலில். என் மனைவிக்குச் சாஃப்ட்னர் வாசனை இல்லாத துணி துவைத்த துணியே அல்ல. அவர் அதை விடப்போவதில்லை. நானும் துண்டை விடப்போவதில்லை. ஆகவே துண்டு துவைக்கும் நாளில் இழுப்பறையை முழுவதும் கழற்றி, சைஃபன் மூடியையும் பிரித்து, குழாயடியில் கழுவி மாட்டுவது என் பொறுப்பு. நேரம் அதிகம் பிடிக்காத வேலை. இதைச் செய்யத் தொடங்கிய பிறகு கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்த மங்கலான கோடுகள் குறைந்தன.

பருத்தியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. பருத்தி உதிர்க்கும் பஞ்சு முழுவதையும் மைக்ரோஃபைபர் பிடித்துக்கொள்ளும். பிடிப்பதுதானே அதன் தொழில். துண்டுகளுக்குள்ளும் சாதி பிரிக்கத்தான் வேண்டும்: பெயின்ட், கண்ணாடி, உள்பகுதி ஆகியவற்றுக்கானவை ஒரு பக்கம், சக்கரம், டயர், எஞ்சின் அறைக்கானவை இன்னொரு பக்கம். பிரேக் தூசியில் இரும்புத் துகள் இருக்கும். சக்கரத் துண்டு எத்தனை சலவை கண்டாலும் பெயின்டுக்குப் பதவி உயர்வு பெறாது. இரும்புத் துகளை ஊதா நிறமாக்கிக் கரைக்கும் திரவம் பட்ட துண்டுகளை வெளியிலேயே நன்றாக அலசிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். அந்தக் கந்தக வாடை டிரம்முக்குள் போனால் வீட்டில் பஞ்சாயத்துதான்.

டிரம்முக்குள் போகவே கூடாதவை சில உண்டு. பெட்ரோல், தின்னர், தார் நீக்கி போன்ற எரியும் கரைப்பான்கள் ஊறிய துணி முதலில். மூடிய டிரம்முக்குள் ஆவி சேர்வது விளையாட்டல்ல. இயந்திரத்தின் கையேடே இதைத் தடுக்கிறது. ஆளி விதை எண்ணெய் போல உலரும் எண்ணெய் கலந்த பாலிஷ் துடைத்த துணியைக் குவித்தும் வைக்காதீர்கள், டிரையரிலும் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. செராமிக் பூச்சு துடைத்த துண்டு இன்னொன்று. அந்தப் பூச்சு காற்றின் ஈரத்தில் இறுகிக் கண்ணாடிபோன்ற சிலிக்கா படலமாகிவிடும். இறுகிய பிறகு எந்தச் சலவையும் அதை எடுக்காது, அடுத்த முறை அது பெயின்டைக் கீறும். அந்த வேலைக்கு மலிவான சிறு துண்டை எடுத்து, முடிந்ததும் விடைகொடுத்துவிடுவது நல்லது. விலை உயர்ந்த துண்டால் செராமிக் துடைத்துவிட்டு அதைக் காப்பாற்ற வழி கேட்கிறவர்களுக்கு என்னிடம் அனுதாபம் மட்டுமே இருக்கிறது.

அப்ளிகேட்டர்களுக்கு வருகிறேன். மூன்று வகையையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால்தான் குழப்பம்.

மெல்லிய மைக்ரோஃபைபர் உறைக்குள் பஞ்சு வைத்துத் தைத்த அப்ளிகேட்டர் இயந்திரத்தில் பிழைக்கிறது. வலைப்பையில் போட்டு, துண்டுகளோடு சேர்த்து, ஸ்பின்னை 600-க்கு இறக்கிவிட்டால் தையல் பிரிவதில்லை. உள்பஞ்சுக்குள் சோப்பு தங்குவதுதான் தொல்லை. எடுத்தவுடன் குழாயடியில் பிழிந்து பார்க்க வேண்டும். பிழியும்போது வரும் தண்ணீர் தெளியும்வரை நிறுத்தாதீர்கள்.

முழுக்க நுரைப்பஞ்சால் ஆன கை அப்ளிகேட்டரை இயந்திரம் கையாளும் விதம் பார்க்கப் பரிதாபமாக இருக்கிறது. எடை இல்லாததால் துண்டுகளின் மேல் மிதந்து கதவுக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சவாரி செய்கிறது. துவைப்பு என்பது துணி தூக்கப்பட்டு விழுந்து அடிபடுவது. இது விழுவதே இல்லை. அதன் நடுவில் இறங்கிய மெழுகு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வெளியே வரும்போது மேற்பரப்பு பளிச்சென்று இருக்கும், நடுவே அழுத்தினால் மஞ்சளாகக் கசியும். இயந்திரம் கொடுத்த சுத்தம் கண்ணுக்கு மட்டும்தான்.

பாலிஷ் இயந்திரத்தில் மாட்டும் பஃப் பேட்கள் மூன்றாவது வகை. இவை எதிர்த்திசையில் தொல்லை தருகின்றன. தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய், டிரம்மின் ஒரு பக்கமாகச் சேர்ந்துகொள்கின்றன. ஸ்பின்னுக்கு வந்ததும் இயந்திரம் சமநிலை தேடி மெல்லச் சுற்றிப் பார்க்கிறது, நிறுத்துகிறது, மறுபடி சுற்றுகிறது. கடைசியில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சொட்டச் சொட்ட நம்மிடம் ஒப்படைக்கிறது. அதைவிடப் பெரிய நட்டம் பின்புறப் பசை. பேடின் பின்னால் இருக்கும் ஒட்டுத்துணி பசையால் நிற்கிறது. வெந்நீரும் நீண்ட ஊறலும் பசைக்கு எதிரி. விளிம்பில் கொஞ்சம் பிரிந்த பேடை வேகமாகச் சுழலும் பாலிஷ் இயந்திரத்தில் மாட்டுவது புத்திசாலித்தனமல்ல.

நுரைப்பஞ்சுக்கு வாளியும் இரண்டு உள்ளங்கைகளும்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் திரவம். முறுக்காமல், உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்தி அழுத்தி விடுவது. பாலிஷில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு துகள் காய்ந்துவிட்டால் பஞ்சின் துளைகளில் இறுகிவிடும். எனவே வேலை முடிந்த அன்றே கழுவுவது பாதி வேலையைக் குறைக்கும். பஞ்சுப் பக்கம் கீழே இருக்கும்படி, காற்று புகும் கம்பி வலைமேல் காயவையுங்கள். தண்ணீர் பசையை நோக்கி இறங்காமல் வெளியே வடியும்.

கார் கழுவும் கையுறை, அந்தப் புழுபுழுவான இழைகள் உள்ளது, இயந்திரத்துக்கு ஏற்றதுதான். ஆனால் இழைகளின் அடியில் மணல் ஒளிந்திருக்கும். உள்பக்கத்தை வெளியே திருப்பி வாளியில் உதறி அலசாமல் போட்டால் அந்த மணல் மற்றத் துண்டுகளுக்குப் பங்கிடப்படும்.

உலர்த்துவதில் நான் கொடிக் கட்சி. நிழலும் காற்றும் போதும், தூசி பறக்காத இடமாக இருக்க வேண்டும். டிரையர் துண்டைப் புசுபுசுவென்று ஆக்குகிறது என்பதை மறுக்கவில்லை; மிகக் குறைந்த சூட்டில், பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்துவிட்டுப் போட்டால் கெடுதல் இல்லை. கூடுதல் சூட்டில் உலர்ந்த துண்டு நிலைமின்னோடு வந்து, காரைத் தொடுவதற்கு முன்பே அறையின் தூசியைச் சேகரித்துவிடுகிறது.

இயந்திரத்துக்கு நம்மால் ஆகும் சேதம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வீட்டுக்குப் பொதுச் சொத்து. துண்டுச் சலவைக்குப் பிறகு கதவு ரப்பரின் மடிப்பை விரித்துப் பாருங்கள். மெல்லிய கறுப்புப் பசையும் மணலும் இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். விட்டால் அடுத்து வரும் வெள்ளைச் சட்டை அதைத் துடைத்துக் கொடுக்கும். கீழே இருக்கும் பம்ப் வடிகட்டியையும் வழக்கத்தைவிட அடிக்கடி திறக்க வேண்டியிருக்கிறது. டயர் பூச்சுத் துண்டுகள் போன பிறகு டிரம் சுத்தம் செய்யும் திட்டத்தை வெந்நீரில் காலியாக ஓட்டுகிறேன். இதையெல்லாம் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் சக்கரத் துண்டுகளை மட்டுமாவது வாளியில் துவைத்துக்கொள்வது வீட்டு அமைதிக்கு நல்லது.

டாப் லோடு வைத்திருப்பவர்களுக்கு அலசல் கவலை குறைவு. தண்ணீர் நிறைய எடுப்பதால் சோப்பு நன்றாகப் போகிறது. நடுவில் தண்டு உள்ள வகையில் துண்டுகள் அதைச் சுற்றி முறுக்கிக்கொள்கின்றன, ஓரத் தையல் இழுபடுகிறது. நீளமான உலர்த்தும் துண்டை வலைப்பைக்குள் போடுங்கள். அடித்தட்டு மட்டும் சுழலும் வகையில் இந்த முறுக்கல் குறைவு.

புதிதாக இயந்திரம் வாங்கப்போகிறவர், துண்டுகளும் அதற்குள் போகும் என்று தெரிந்தால், கடையில் திட்டங்களின் எண்ணிக்கையைக் கேட்க வேண்டாம். சூடு, ஸ்பின் வேகம், கூடுதல் அலசல் மூன்றையும் தனித்தனியாக மாற்ற முடிகிறதா, ஒன்றை மாற்றும்போது இன்னொன்று தானாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பொத்தான்களை அழுத்திப் பாருங்கள். பிறகு டிடர்ஜென்ட் இழுப்பறையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒரே இழுப்பில், சாஃப்ட்னர் அறையின் மூடியோடு, வெளியே வர வேண்டும்.